பத்தொன்பது என்று சொல்லச் சொல்கிறார்கள்



நினைவுச் சொற்பொழிவு என்றால் போராட்ட வரலாறு பேசுவது நம் வழக்கம். பஞ்சமி நிலம், குடிநீர்க் கிணறு, கோயில் வாசல், இரட்டைக் குவளை என்று பேசிவந்திருக்கிறோம். இன்று நாங்கள் எடுத்துக்கொண்டது அந்த வரிசையில் இடம்பெறாத ஒரு வரலாறு. பதினாறு, பதினேழு வயதில் வயிற்றில் பிள்ளையோடு நிற்கிற பெண்ணை நம் சமூகமும் அரசும் எப்படி நடத்திவந்திருக்கின்றன என்பதைப் பற்றியது. இதெல்லாம் மேடையில் பேசுகிற விஷயமா என்று சிலர் தயங்கலாம். அந்தத் தயக்கம்தான் அந்தப் பெண்ணைத் தனியாக விட்டது. ஆகவே பேசத்தான் வேண்டும்.

வடக்கனந்தலிலிருந்தே தொடங்குவோம். மேற்கே கல்வராயன் மலை. அடிவாரத்தில் கோமுகி அணை. அந்தத் தண்ணீரில் நெல்லும் கரும்பும் விளைகின்றன. கச்சிராயபாளையத்தில் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. மலைமேல் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் 1976 வரை ஜாகிர்தார்களின் கீழ் இருந்தவர்கள். நாடு விடுதலை பெற்று 29 ஆண்டுகள் கழித்துத்தான் அந்த மலை முழுமையாக அரசின் கைக்கு வந்தது. சாலையும் பள்ளியும் மருத்துவமும் அங்கே தாமதமாகவே ஏறின. மலையிலும் சரி, கீழே சேரியிலும் சரி, ஆணும் பெண்ணும் கரும்பு வெட்டுக்கும் தோட்ட வேலைக்கும் கட்டட வேலைக்கும் வெளியூர் போகிறார்கள். வீட்டில் விட்டுச் செல்லப்படும் பெண்பிள்ளை தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்கிறாள். எட்டாவதோடு, பத்தாவதோடு படிப்பு நின்றுபோகிறது.

பிறகு மூன்றில் ஒன்று நடக்கிறது. துணைக்கு ஆளில்லை என்று பயந்து பெற்றோர் கல்யாணம் முடித்துவைக்கிறார்கள். அல்லது அவளே ஒருவனை விரும்பிப் போகிறாள். அல்லது ஒருவன் அவளை வன்முறைக்கு ஆளாக்குகிறான். மூன்றும் ஒன்றல்ல; ஒன்றாகப் பார்க்கவும் கூடாது. ஆனால் மூன்று வழியில் வந்தவர்களும் ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஒரே வரிசையில்தான் நிற்க வேண்டியிருக்கிறது. கூட்டிவருகிற அத்தையோ பெரியம்மாவோ வழியிலேயே சொல்லிக்கொடுப்பார்: "வயசு கேட்டா பத்தொம்போதுன்னு சொல்லு."

திருமண வயது பதினெட்டுதானே, ஏன் பத்தொன்பது? இந்த ஒரு கேள்விக்குள் 160 ஆண்டு வரலாறு இருக்கிறது.

1. எண்களின் வரலாறு

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், பெண்ணின் சம்மத வயதைப் பத்து என்று வைத்தது. 1889இல் கல்கத்தாவில் பூல்மணி என்ற சிறுமி, தன்னைவிடப் பல வயது மூத்த கணவனின் வன்முறையால் இறந்தாள். அந்தச் சாவு கிளப்பிய விவாதத்துக்குப் பிறகு 1891இல் அந்த வயது பன்னிரண்டானது. பத்தைப் பன்னிரண்டாக்குவதையே சமயத்தில் தலையிடுவது என்று திலகர் உள்ளிட்டோர் எதிர்த்தார்கள். 1929இல் சாரதா சட்டம் பெண்ணின் திருமண வயதைப் பதினான்கு ஆக்கியது. அதே ஆண்டு பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, பதினாறுக்கு மேல் வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 1949இல் பதினைந்து, 1978இல் பதினெட்டு. 2006இல் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம். 2012இல் போக்சோ சட்டம். அதன்படி பதினெட்டுக்குக் கீழ் உள்ள பிள்ளையின் சம்மதம் சட்டத்தின் கண்ணில் சம்மதமே இல்லை.

இந்த எண்களில் எதுவும் தானாக உயரவில்லை. சனாதனிகளோடு மோதி, சட்டமன்றத்திலும் வீதியிலும் வாதாடி உயர்த்தினார்கள். அவற்றை நாம் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. ஆனால் கோடு போட்டவர்கள், கோட்டுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டவளுக்கு என்ன வழி என்று எழுதிவைக்கவில்லை. பதினாறு வயதில் கர்ப்பமானவளைப் பார்த்துச் சட்டம் "இது நடந்திருக்கக் கூடாது" என்று மட்டும் சொல்கிறது. நடந்துவிட்டது. அடுத்த ஆறு மாதத்துக்கு அவளை யார் பார்த்துக்கொள்வது?

2019–21இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுள்ள பெண்களில் 12.8 சதவீதம் பேர் பதினெட்டு வயது ஆகும் முன்பே திருமணம் ஆனவர்கள். 15 முதல் 19 வயதுப் பெண்களில் 6.3 சதவீதம் பேர் ஏற்கனவே தாயாகியிருந்தார்கள் அல்லது கர்ப்பமாக இருந்தார்கள். இதில் பதினெட்டு நிறைந்தவர்களும் உண்டு. ஆனாலும் நூற்றில் ஆறு என்பது சிறிய எண் அல்ல. அதுவும் வயதை மாற்றிச் சொல்லும் ஊரில் எடுத்த கணக்கு.

2. மருத்துவமனை வாசலின் வரலாறு

பிரசவத்துக்குப் பொது இடம் என்பது நமக்குச் சுலபமாகக் கிடைத்ததல்ல. சென்னையில் அரசுப் பிரசவ மருத்துவமனை 1844இல் தொடங்கியது. இன்றைய எழும்பூர் மருத்துவமனையின் வேர் அது. அந்தப் பொது இடத்துக்கு வரத் தயங்கியவர்களுக்கென்று 1885இல் மேரி ஷார்லீப் என்ற மருத்துவர் வேறொரு மருத்துவமனையைத் தொடங்கினார். நாம் இன்று திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரி என்று சொல்கிற கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை அதுதான். அதன் அன்றைய பெயரைக் கவனியுங்கள்: விக்டோரியா சாதி, கோஷாப் பெண்கள் மருத்துவமனை. சாதிப் பெண்கள் என்று பெயர்ப் பலகையிலேயே இருந்தது. பெண்களுக்கு மருத்துவம் வேண்டும் என்பது நல்ல நோக்கம்தான். ஆனால் அந்த நோக்கமும் தீட்டுக்கு இடம்கொடுத்துத்தான் கட்டடம் கட்டியது.

கிராமத்தில் கதை வேறு. அங்கே பிரசவம் பார்த்தவர் மருத்துவச்சி. அவர் பெரும்பாலும் நாவிதர் சமூகத்துப் பெண். பல இடங்களில் நம் சேரிப் பெண். பிள்ளையை ஏந்திய கை வேண்டும், தொப்புள்கொடி அறுத்த கை வேண்டும். அந்தக் கை குடத்தைத் தொடக் கூடாது. மற்றவர் பிள்ளைப்பேற்றின் தீட்டைச் சுமந்தவர்களுக்குத் தம் பிள்ளைப்பேற்றின்போது சுமை பகிர ஆள் இல்லை.

இந்த வரலாற்றில் ஒரு வீடு தனியாகத் தெரிகிறது. 1863இல் புனேயில் ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாய் புலேயும் தங்கள் வீட்டில் சிசுக்கொலைத் தடுப்பு இல்லம் திறந்தார்கள். கர்ப்பமான விதவைப் பெண்களுக்கு அன்று இருந்த வழிகள் கிணறு, சிசுக்கொலை, அந்தமான் சிறை. வாருங்கள், இங்கே பத்திரமாகப் பெற்றெடுங்கள், பிள்ளையை எடுத்துச் செல்வதும் விட்டுச் செல்வதும் உங்கள் விருப்பம் என்று அவர்கள் அறிவித்தார்கள். வந்தவர்கள் பார்ப்பன விதவைகள். பலர் இளம்பெண்கள், சிறுமியாக இருந்தபோதே தாலி அறுத்தவர்கள். தங்களை ஒடுக்கிய சாதியின் வீட்டுப் பெண்ணுக்கு ஒரு சூத்திரத் தம்பதி கதவைத் திறந்து வைத்தது. அப்படி வந்த ஒருத்தியின் மகனைத் தங்கள் மகனாக வளர்த்தார்கள், அவர்தான் யஷ்வந்த். நியாயம் விசாரிப்பது பிறகு, முதலில் உயிர் என்பது அந்த வீட்டின் ஒழுங்கு.

65 ஆண்டுகள் கழித்து, 1928இல், பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு உதவி மசோதா வந்தபோது அண்ணல் அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன், அதன் செலவில் பெரும்பங்கை அரசே ஏற்க வேண்டும் என்பது அவர் வாதம். தாய்மையின் சுமை அந்த ஒரு பெண்ணின் சொந்தப் பிரச்சினை அல்ல, பொதுப்பொறுப்பு. புலே வீட்டளவில் செய்ததை அம்பேத்கர் சட்டத்தளவில் கேட்டார். நாம் இன்று கேட்பது இந்த இருவரின் வழியில்தான்.

3. ஒரு நல்ல திட்டத்தின் ஓட்டை

இப்போது பத்தொன்பதுக்கு வருவோம். தமிழ்நாட்டு அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் 1987இல் 300 ரூபாயோடு தொடங்கியது. இன்று அது 18,000 ரூபாய். பணம் தவணையாக வருகிறது, கூடவே ஊட்டச்சத்துப் பெட்டகமும் உண்டு. நம் வீடுகளில் இந்தத் திட்டத்தின் பணத்தில் பால் வாங்கியவர்கள், கூலி வேலைக்குப் போகாமல் இரண்டு மாதம் வீட்டில் இருந்தவர்கள் நிறைய. இது நல்ல திட்டம்.

இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. கர்ப்பிணிக்குப் பத்தொன்பது வயது ஆகியிருக்க வேண்டும். முதல் இரண்டு பிரசவங்களுக்கு மட்டும் என்பது இன்னொன்று. அத்தை சொல்லிக்கொடுக்கும் பத்தொன்பது இங்கிருந்துதான் வருகிறது. வயதுக்கு முன் திருமணம் செய்வதை அரசுப் பணம் ஊக்குவிக்கக் கூடாது என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். 18,000 ரூபாய்க்காக எந்தப் பெண் கர்ப்பமாகிறாள்? மறுக்கப்படும் பணம் குழந்தைத் திருமணத்தைத் தடுப்பதில்லை; அது நடந்து முடிந்த பிறகு, அந்தப் பிள்ளையின் தட்டிலிருந்து உணவை எடுக்கிறது. குழந்தைத் திருமணத்தை எதிர்த்துப் போராடிய முத்துலட்சுமி ரெட்டியின் பெயரில் உள்ள உதவி, குழந்தைத் திருமணத்துக்குப் பலியானவளுக்குக் கிடைக்காது என்பது பொருந்துகிறதா?

உடல் தேவை இதற்கு நேர்மாறாக இருக்கிறது. இருபதுகளின் தொடக்கத்தில் உள்ள தாய்மாரைவிட, பத்து முதல் பத்தொன்பது வயதுத் தாய்மாருக்கு ஜன்னியும் கருப்பைத் தொற்றும் வரும் ஆபத்து அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அவர்களின் பிள்ளைகள் குறைமாதத்திலும் எடை குறைந்தும் பிறக்கும் வாய்ப்பும் அதிகம். வளர்கிற உடம்புக்கே இரும்புச்சத்து போதாத வயது அது. அதிகம் தேவைப்படுபவள்தான் பட்டியலுக்கு வெளியே நிற்கிறாள்.

நிபந்தனையை நீக்க முடியாதா? முடியும். ஒன்றிய அரசின் ஜனனி சுரக்ஷா திட்டத்திலும் முன்பு வயதுக் கட்டுப்பாடு இருந்தது. 2013இல் அதை எடுத்துவிட்டார்கள். முன்னுதாரணம் இருக்கிறது.

4. காவல் நிலையத்தின் நிழல்

பணம் போனால் போகட்டும் என்றாலும் பயம் போகாது. போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்கு எதிரான பாலியல் குற்றம் பற்றி அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்கத் தவறினால் 21ஆம் பிரிவின்படி தண்டனை உண்டு. 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், மனைவியே ஆனாலும் பதினெட்டுக்குக் கீழ் என்றால் அது வல்லுறவுதான் என்று தீர்ப்பளித்தது. ஆகவே பதினாறு வயதுப் பெண் கர்ப்பப் பதிவுக்கு வந்தால், செவிலியர் அட்டையை எடுக்கும்போதே புகார் எண்ணமும் வந்துவிடுகிறது. பெண்ணின் வீட்டுக்கும் அது தெரியும். அதனால் ஏழாம் மாதம் வரை வராமல் இருக்கிறார்கள். வந்தால் பத்தொன்பது என்கிறார்கள். முதல் மூன்று மாதத்தில் கண்டுபிடித்திருக்க வேண்டிய ரத்தசோகை, வலி எடுக்கும் நாளில்தான் தெரியவருகிறது.

இந்தச் சட்டம் நமக்கு வேண்டும். ஆதிக்கச் சாதி ஆணின் வன்முறைக்கு ஆளான தலித் சிறுமிக்கு, பணமும் பஞ்சாயத்தும் வழக்கை மூடிவிடாமல் இருக்க இந்தச் சட்டம் ஒரு பிடி. அதே சட்டம், சாதி மீறிக் காதலித்த தலித் இளைஞன்மீது பெண் வீட்டார் எறியும் கல்லாகவும் ஆகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. நீதிமன்றங்களும் இதைப் பார்த்துவிட்டன. காதல் வழக்குகளில் அவசரக் கைது கூடாது என்று 2022 டிசம்பரில் தமிழகக் காவல்துறைத் தலைவர் சுற்றறிக்கை அனுப்பினார். அதற்குச் சற்று முன், 2022 செப்டம்பரில், கருக்கலைப்பு பற்றிய தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் ஒன்றைச் சொன்னது: சிறுமியும் அவள் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், காவல்துறைக்குத் தரும் தகவலில் மருத்துவர் அவளுடைய பெயரையும் அடையாளத்தையும் வெளியிட வேண்டியதில்லை.

இந்தக் கடைசித் தீர்ப்பின் உள்ளே இருக்கும் எண்ணம் நமக்கு முக்கியம். சட்டக் கடமை ஒன்று, மருத்துவம் இன்னொன்று. முன்னது பின்னதைத் தடுக்கக் கூடாது. கருவைக் கலைக்க வருபவளுக்கு இந்தப் பாதுகாப்பு உண்டென்றால், பிள்ளையைப் பெறப்போகிறவளுக்கும் வேண்டாமா? புகார் எழுதப்படுகிறதோ இல்லையோ, அன்றைக்கே அவளுக்கு ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், மாத்திரை கொடுக்க வேண்டும், அடுத்த வருகைக்கு நாள் சொல்ல வேண்டும்.

5. வட்டமாக உட்கார்ந்தவர்கள்

இங்கேதான் கூட்டுப் பராமரிப்பு என்ற முறை வருகிறது. 1990களில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஷாரன் ரைசிங் என்ற செவிலியர், ஒரே விஷயத்தை ஒவ்வொரு கர்ப்பிணியிடமும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட எல்லோரையும் சேர்த்து உட்காரவைத்தால் என்ன என்று யோசித்தார். ஏறத்தாழ ஒரே மாதத்தில் பிரசவிக்க இருக்கும் எட்டு முதல் பன்னிரண்டு பெண்கள். சுமார் பத்து சந்திப்புகள், ஒவ்வொன்றும் ஒன்றரை முதல் இரண்டு மணிநேரம். தங்கள் எடையையும் ரத்த அழுத்தத்தையும் அவர்களே பார்த்து அட்டையில் எழுதுவார்கள். வயிற்றுப் பரிசோதனையைச் செவிலியர் ஓரமாகத் தனியே முடிப்பார். மீதி நேரம் வட்டமாக உட்கார்ந்து பேச்சு.

2007இல் வெளியான ஓர் ஆய்வு, 14 முதல் 25 வயதுள்ள 1,047 பெண்களைப் பின்தொடர்ந்தது. அவர்களில் பெரும்பாலோர் கறுப்பினப் பெண்கள். தனியாகப் பார்க்கப்பட்டவர்களில் 13.8 சதவீதம் பேருக்குக் குறைப்பிரசவம். கூட்டாகப் பார்க்கப்பட்டவர்களில் 9.8. பின்னர் பல ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது குறைப்பிரசவத்தில் இவ்வளவு தெளிவான வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இது மந்திரம் அல்ல. கெடுதல் எதுவும் காணப்படவில்லை, பெண்கள் இந்த முறையை விரும்பினார்கள் என்ற அளவு உறுதி.

நமக்கு இன்னும் நெருக்கமான சான்று ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் இருக்கிறது. ஏக்ஜுட் என்ற அமைப்பு 2005 முதல் 2008 வரை ஆதிவாசிகள் அதிகம் வாழும் மூன்று மாவட்டங்களில் பெண்கள் குழுக்களை நடத்தியது. அதற்கு முன் நேபாளத்தின் மக்வான்பூரில் நடந்த இதேபோன்ற முயற்சியில் பச்சிளங்குழந்தை இறப்பு 30 சதவீதம் குறைந்திருந்தது. ஏக்ஜுட் குழுவை நடத்தியவர் மருத்துவர் அல்ல, செவிலியரும் அல்ல. அந்த ஊர்ப் பெண். மாதம் ஒரு கூட்டம். படம் வைத்துக் கதை சொல்வது, ஏன் அந்தப் பிள்ளை இறந்தது என்று ஒவ்வொரு காரணமாகப் பின்னோக்கிக் கேட்பது, நம் ஊரில் என்ன செய்யலாம் என்று முடிவெடுப்பது. மூன்று ஆண்டுகளில் அந்தப் பகுதிகளில் பச்சிளங்குழந்தை இறப்பு, குழுக்கள் இல்லாத பகுதிகளைவிட 32 சதவீதம் குறைவாக இருந்தது. மூன்றாம் ஆண்டில் தாய்மாரின் மனச்சோர்வும் பாதிக்கு மேல் குறைந்தது. புதிய மருந்தோ கருவியோ கொண்டு வந்தது அல்ல இது. முக்கியமாகச் சேர்ந்து உட்கார்ந்ததால் வந்தது. 2014இல் உலக சுகாதார நிறுவனம் இந்த முறையைப் பரிந்துரைத்தது.

ஏன் இது பதினாறு வயதுப் பெண்ணுக்கு இன்னும் பொருந்தும்? வரிசையில் அவள் தனியாக நிற்கும்போது அவளிடம் கேட்கப்படுவது "யாரு?" என்ற ஒரு கேள்வி. அவள் கேட்க விரும்புவது வேறு. வெள்ளைப்படுவது சரியா, மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகிறதே, பிள்ளை அசையாமல் இருந்தால் என்ன செய்வது, வலி எப்படி இருக்கும். அவள் வாயைத் திறக்கமாட்டாள். வட்டத்தில் அதே கேள்வியை இன்னொருத்தி கேட்பாள். இவள் காதில் விழும். மூன்றாவது கூட்டத்தில் இவளும் கேட்பாள்.

6. இங்கே செய்யக்கூடியது

வட்டம் போட வேண்டிய பாய் தமிழ்நாட்டில் ஏற்கனவே இருக்கிறது. அங்கன்வாடி இருக்கிறது. கிராம சுகாதாரச் செவிலியர் இருக்கிறார். மாதந்தோறும் 9ஆம் தேதி கர்ப்பிணிகளுக்கான சிறப்புப் பரிசோதனை இருக்கிறது. மலைப்பகுதிச் சுகாதார நிலையங்களில் பிரசவக் காத்திருப்பு அறைகள் இருக்கின்றன. அரசே நடத்தும் சமுதாய வளைகாப்பும் இருக்கிறது. கர்ப்பிணிகளை வரிசையாக உட்காரவைத்து, வளையல் போட்டு, கலவைச் சோறு பரிமாறுகிறார்கள். சாதி பார்க்காமல் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவது சிறிய விஷயம் அல்ல. ஆனால் அது ஒரு நாள் விழா, படம் எடுத்தவுடன் முடிந்துவிடும். தாலி இல்லாத பதினேழு வயதுப் பெண் அந்தப் பந்தலில் எப்படி உட்காருவாள்? அந்த ஒரு நாளை மாதம் ஒரு நாளாக்கிப் பந்தலைக் கழற்றிவிட்டால், அதுதான் நாம் கேட்கும் கூட்டுப் பராமரிப்பு.

செய்யும்போது சில விஷயங்களைப் பார்க்க வேண்டும். கூட்டம் ஊரில் நடந்தால் சேரிப் பெண் ஓரத்தில் உட்காருவாள். ஆகவே சேரியிலும் மலைக் கிராமத்திலும் நடக்க வேண்டும், மற்றவர் அங்கே வரட்டும். நடத்துபவர்களில் ஒருத்தி, தானே சின்ன வயதில் பிள்ளை பெற்றவளாக இருக்க வேண்டும். அங்கே கேட்டது வெளியே போகக் கூடாது என்று முதல் நாளே எல்லோரும் பேசி முடிவெடுக்க வேண்டும். மாமியாரும் கணவனும் ஓரிரு கூட்டங்களுக்கு வரலாம், எல்லாவற்றுக்கும் வேண்டாம். தனக்கு நடந்தது வன்முறை என்று ஒருத்தி சொல்வதற்குத் தனியாக ஓர் இடமும், நம்பகமான ஒரு காதும் வேண்டும். பிரசவத்துக்குப் பின் திரும்பப் பள்ளிக்கோ, தனித்தேர்வுக்கோ போவது எப்படி என்பதும் அந்த வட்டத்தின் பேச்சில் இருக்க வேண்டும். பதினேழு வயதில் பிள்ளை பெற்றதால் படிப்புக்கான உரிமை முடிந்துவிடுவதில்லை.

அரசிடம் நாம் கேட்பது மூன்று. மகப்பேறு உதவியில் பத்தொன்பது வயது நிபந்தனையை நீக்குங்கள். வயதைச் சொன்னதால் எந்தப் பெண்ணுக்கும் அன்றைய பரிசோதனை நிற்காது என்று சுகாதார நிலையங்களுக்கு எழுத்தில் ஆணை கொடுங்கள். கல்வராயன் மலையிலும் அடிவாரத்திலும் துணை சுகாதார நிலையம் தோறும் ஒரு கர்ப்பிணிகள் வட்டத்தைத் தொடங்குங்கள்.

நம்மிடமும் ஒன்று கேட்க வேண்டும். குழந்தைத் திருமணத்தைத் தடுக்க 1098க்கு அழைப்பவர்கள் நம்மில் உண்டு, அழைக்கவும் வேண்டும். தடுக்க முடியாமல் போன பெண்ணின் வீட்டுக்கு அதற்குப் பிறகு நம்மில் எத்தனை பேர் போகிறோம்? ஓடிப்போனவள், கெட்டுப்போனவள் என்ற சொற்கள் ஊரில் மட்டும் இல்லை, நம் தெருவிலும் இருக்கின்றன. தீட்டு என்ற சொல்லை எதிர்த்து இவ்வளவு தூரம் வந்த நாம், நம் வீட்டுப் பெண்ணுக்கு அதே சொல்லை வேறு பெயரில் ஒட்டக் கூடாது.

இங்கே வந்திருக்கும் மாணவர்களில் சமூகவியல், சமூகப்பணி, செவிலியர் படிப்பு படிப்பவர்கள் இருக்கிறீர்கள். உங்கள் ஊர்த் துணை சுகாதார நிலையத்துக்குப் போய்ச் செவிலியரோடு பேசுங்கள். கர்ப்பிணிகள் எத்தனாவது மாதத்தில் பதிவுக்கு வருகிறார்கள் என்று கேளுங்கள். யாருடைய பெயரையும் கேட்க வேண்டாம். மனுவோடு அந்தக் கணக்கையும் சேர்த்து மாவட்ட ஆட்சியரிடம் கொடுப்போம். தன் உண்மையான வயதைச் சொல்லிவிட்டு ஒரு பெண் பரிசோதனைக்கு உட்கார முடிகிற நாள் வரும்வரை இந்த வேலை முடியாது.

ஜெய் பீம்.